மனைவியின் வீங்கிய கண்கள்

என் மனைவிக்கு நோய் வந்த பிறகுதான் ஊர் அவளை அழகி என்று சொல்ல ஆரம்பித்தது.

அவளும் என்னைப் போல நல்ல கறுப்பு. ஜார்ஜ்டவுனில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அவள் நிறம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் கழுத்து, பிறகு முகம், கை. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யுமாம். கடைக்கு வரும் பெண்கள் விரித்துப் போட்ட புடவையை விட்டுவிட்டு அவள் கன்னத்தைப் பார்த்தார்கள். "என்னா கிரீம் போடுறீங்கக்கா? பேரச் சொல்லுங்கலா" என்று கேட்டார்கள். அவள் வாயில் வந்த ஒரு சோப்பின் பெயரைச் சொல்லிச் சமாளிப்பாள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது. அது இரத்தப் புற்றுநோய்க்குத் தின்னும் மருந்து என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அதுதான் எங்கள் தொல்லையின் வேர்.

நோய் வந்ததும் சத்தமில்லாமல்தான் வந்தது. இடது விலா எலும்புக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டி வைத்ததுபோல் கனக்கிறது என்றாள். நாலு வாய் சோறு தின்றதும் வயிறு நிறைந்துவிடும். தோள் மெலிந்து ரவிக்கை தொளதொளவென்று ஆனது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. பிளாட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் காற்று என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மறுபடி போனோம், மறுபடியும் காற்று. அடுத்த முறை வேறொரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், அங்கேயே இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நேராக பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அமைந்த டாக்டர் ஒரு சீனப் பெண், சின்ன வயது. மலாயில்தான் பேசிக்கொண்டோம். எலும்பு மஜ்ஜையெல்லாம் எடுத்துப் பார்த்த பிறகு, இது இரத்தத்தில் வரும் புற்றுநோய்தான், ஆனால் மெதுவாகப் போகும் வகை என்றார். தினமும் மாத்திரை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலக் கிழவியாகும் வரை வாழலாம் என்றார். மருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

கேன்சர் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வெளியே வந்தவன் நானாகத்தான் இருப்பேன். ஊரில் பாதிப் பேர் இனிப்பு நீர் என்ற சர்க்கரை நோய்க்கு மாத்திரை தின்கிறார்கள், அதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்தேன். மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, என்ன குறை என்று அவளிடம் சொன்னேன். அவள் காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தியதும் சொன்ன முதல் பேச்சு, "எங்கண்ணனுக்கு இது தெரியக் கூடாது" என்பது.

அவளுக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அப்பா போன பிறகு அண்ணன்தான் இரண்டு பெண்களையும் வளர்த்தார். நிபோங் திபாலில் சொந்த லாரி வைத்து ஓட்டுகிறார். தங்கைக்கு அப்போதுதான் கூலிமில் ஒரு பையனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம். இந்த நேரத்தில் அக்காவுக்கு இரத்தத்தில் கேன்சர் என்று வெளியே போனால், தங்கை இரத்தத்திலும் இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவள் பயம்.

"இது பரம்பர நோய் இல்லன்னு டாக்டர் சொன்னாங்களே" என்றேன்.

"அத நீங்க கூலிம் போயி ஒவ்வொருத்தருக்கா வெளக்குவீங்களா? அவங்க காதுல கேன்சர்ங்கற ஒரு வார்த்ததான் விழும். கல்யாணம் முடியட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்."

சில மாதக் கதைதானே என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப் போனது. ரகசியமும் கூடவே நீண்டது.

மாத்திரை அவ்வளவு சாதுவான மாத்திரை இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனால் கடையில் குமட்டும். நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப் போடுகிறவளுக்குக் கெண்டைக்காலில் இழுத்துப் பிடிக்கும். வாடிக்கையாளர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் நிறையக் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். கடையில் கழிவறை கிடையாது. சூலியா தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் வர வேண்டும். அடிக்கடி போனால் கடை முதலாளி, தவ்கே, முகம் சுளிப்பார். அதனால் இராத்திரிச் சாப்பாட்டோடு விழுங்கலாம் என்று மாற்றிக்கொண்டோம். எனக்கும் அது வசதி. பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறேன், விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். இராத்திரி என்றால் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

குமட்டல் குறைந்தது. ஆனால் கண் வீக்கம் வந்து சேர்ந்தது.

காலையில் எழும்போது இரண்டு கண்ணும் பொதபொதவென்று வீங்கி இருக்கும். விடிய விடிய அழுதவள் முகம் போல. கீழ் இமைக்கு அடியில் நீர்ப் பை தொங்கும். மதியம் வரை வடியாது. பவுடர் போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். அவளும் ஐஸ் வைத்துப் பார்த்தாள், வெள்ளரிக்காய் வைத்துப் பார்த்தாள். அதே முகத்தோடு தினமும் லிஃப்டில் இறங்குவாள். எங்கள் தளத்தில் இருப்பவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

எனக்கு இது புரியவே கொஞ்ச காலம் ஆனது. பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் குடி வந்த நாளிலிருந்து பழக்கம், ஒரு நாள் துணி காயப்போடும்போது என்னை நிறுத்தினார்.

"தம்பி, ஒங்கள ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. வீட்ல எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்குக்கா. ஏன்?"

"இல்ல, அந்தப் புள்ள மூஞ்சப் பாத்தா சரியாப் படல. ஆம்பளைங்களுக்குக் கோவம் வரும், இல்லங்கல. கைய மட்டும் நீட்டாதீங்க."

பதினேழு வருஷ வாழ்க்கையில் அவளை ஓர் அடி அடித்ததில்லை. குடிக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. "அக்கா, அது மருந்து..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டேன். எதற்கு மருந்து என்று அடுத்த கேள்வி வருமே. "அலர்ஜிக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. அடிக்கிறவன் எவனும் அப்படித்தான் சொல்வான்.

உள்ளே போய் அவளிடம் கத்தினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பேசுறவங்க பேசட்டும். நீங்க அடிக்கலன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அடுத்து மச்சான் வந்தார். அவளுடைய அண்ணனைத்தான் சொல்கிறேன். என்னை வீட்டில் பார்க்காமல், சூலியா தெருவில் ஒரு மாமாக் டீக்கடைக்கு வரச் சொன்னார். தே தாரேக் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மாப்ள, எங்கப்பா இருந்தா அவரு கேட்டிருப்பாரு. அவரு இல்ல, அதனால நான் கேக்குறேன். என் தங்கச்சிய என்னா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல மச்சான்."

"போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப பாத்தேன். கண்ணு ரெண்டும் வீங்கி, ஒடம்பு வெளுத்துப் போயி. கேட்டா ஒண்ணுமில்லங்குறா. அடி வாங்குறவ எல்லாம் அப்டித்தான் சொல்லுவா. நான் மரியாதையா பேசிக்கிட்டு இருக்கேன், பாத்துக்குங்க."

அந்த மேசையில் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். "நீங்க நெனக்கிற மாதிரி இல்ல மச்சான், கல்யாணம் முடிஞ்சதும் அவளே சொல்லுவா" என்று மட்டும் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. கல்யாணம் முடிந்ததும் அவள் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விசேஷங்களில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

மாப்பிள்ளை வீட்டார் துக்கம் கழிந்து, நிச்சயம் நடந்தது. அன்று என் மனைவி முகம் தெளிந்திருந்தது, கண்ணில் வீக்கமே இல்லை. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்து நிம்மதி அடைந்தேன். மச்சான் கூட அன்று எனக்குத் தன் கையால் பரிமாறினார். பிறகு கூலிம்காரர்கள் புடவை எடுக்க அவள் கடைக்கே வந்தார்கள். அன்றும் முகம் நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த ஆஸ்பத்திரி நாளில் டாக்டர் கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தத்தில் அந்த நோயின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது, இப்போது ஏறியிருக்கிறது என்றார். தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். என் மனைவி ஆமாம் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நோய் மருந்துக்கு அடங்காமல் போயிருக்கலாம், வேறொரு பரிசோதனைக்கு இரத்தம் அனுப்ப வேண்டும், அடுத்த மருந்துக்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், அது கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வெளியே, மருந்து வாங்கும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண் வருவதற்கு முன்னால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மருந்து வேல செய்யாம இல்லங்க. நாந்தான் சாப்பிடல."

"என்னா சொல்ற?"

"விசேஷம் வந்தா நிறுத்திடுவேன். கொஞ்ச நாள் விட்டா கண்ணு வடிஞ்சிடுது. ஒங்க முன்னாடி தண்ணி குடிப்பேன், மாத்திர கையிலயே இருக்கும்."

"ஏன்டி இப்டி பண்ண?"

"எங்கண்ணன் ஒங்கள அன்னிக்குப் பேசுன பேச்சு எனக்குத் தெரியும். அண்ணிதான் சொன்னாங்க. விசேஷத்துல எல்லார் முன்னாடியும் அந்த மூஞ்சியோட நின்னா ஒங்களத்தான பேசுவாங்க? நீங்க தல குனிஞ்சி நிக்கறத என்னால பாக்க முடியல."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எழுந்தேன். டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவார்கள், பொய் சொன்னவள் என்று எழுதி வைப்பார்கள், இனிமேல் மருந்தே தரமாட்டார்கள் என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வேறொரு நோயாளி இருந்தார். நர்ஸ் மிஸ்ஸி என்னை வெளியே தள்ளாத குறை. ஆனாலும் கதவோரம் நின்று சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. அந்த நோயாளி போன பிறகு எங்கள் இருவரையும் மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து, ஏன் என்று கேட்டார். என் மனைவி கண்ணைத் தொட்டுக் காட்டினாள். இதற்காகவா என்பதுபோல் டாக்டர் பார்த்தார். கண் வீக்கத்துக்கு வழி இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நீர் இறங்க ஒரு மாத்திரை தரலாம், முன்பே சொல்லியிருக்கலாமே என்றார்.

முன்பே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் போன ஒவ்வொரு முறையும் காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வெளியே உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிற்பார்கள். உன் முகம் கண்ணாடியில் எப்படித் தெரிகிறது, அதைப் பார்த்து ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க யாருக்கு நேரம்? ஒன்றுமில்லாத ஒரு கண் வீக்கம். அதற்காக வேலை செய்துகொண்டிருந்த மருந்தைப் பலிக்காத மருந்து என்று நம்பி, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற இன்னொரு மருந்துக்கு எழுதிப் போடவிருந்தோம்.

அன்றிலிருந்தே அவள் மாத்திரையை மறுபடி ஒழுங்காகத் தொடங்கினாள். உப்பைக் குறைத்தோம். ரசம் சப்பென்று இருந்தது, நானும் அதையே குடித்தேன். வீக்கம் பாதி குறைந்தது, முழுதும் போகவில்லை.

கல்யாணம் நெருங்கியது. முந்தைய வாரம் அவள் கண் வடிந்திருப்பதைப் பார்த்தேன். இந்த முறை எனக்கு விளங்கிவிட்டது.

"மறுபடியும் நிறுத்திட்டியா?"

"ஒரே ஒரு வாரம். அவ கழுத்துல தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் திங்கிறேன்."

"சாவுறதப் பத்தி நீ பேசாத" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கல்யாணம் நிபோங் திபாலில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் பந்திக்குச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். மச்சான் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கம் வந்து, "இன்னிக்குத்தான் என் தங்கச்சி மூஞ்சி தெளிவா இருக்கு. இப்டியே வெச்சிக்குங்க மாப்ள" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான், அவளுக்கு ரத்தத்துல கேன்சர். மாத்திர சாப்பிட்டாத்தான் கண்ணு வீங்கும். இன்னிக்குத் தெளிவா இருக்குன்னா அவ மருந்து சாப்பிடலன்னு அர்த்தம்."

அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நல்லது. நாளைக்குத் தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

அண்ணனும் என் மனைவியும் ஒரே அச்சு. நான் சமையல் கொட்டகையை விட்டு வெளியே வந்து, பின்னால் செம்பனை மரங்கள் நிற்கும் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். இல்லாவிட்டால் யாரையாவது அடித்திருப்பேன், முதல் முறையாக.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அவள் கால் இழுக்காமல், கண் வீங்காமல், எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் இராத்திரி சாப்பிட்டுவிட்டு, நான் கேட்காமலே மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினாள். நான் திரும்பிக்கொண்டேன்.

அண்ணனுக்குத் தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். புதுப் பாரம் ஏறியது. மச்சான் வாரந்தோறும் கடல் பாலத்தைக் கடந்து எங்கள் தீவுக்கு வரத் தொடங்கினார். பப்பாளி இலையை இடித்துப் பிழிந்த சாறு, ஏதோ காட்டு வேர், யாரோ ஒருவர் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். இங்கிலீஷ் மருந்துதான் அவளை வெளுக்க வைக்கிறது, இரத்தத்தைக் குடிக்கிறது, அதை நிறுத்திவிட்டு இதைக் குடித்தால் சுத்தமாகிவிடும் என்றார். அண்ணன் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. மாத்திரையோடு சேர்த்து அதையும் குடித்தாள். வயிற்றால் போய், கடைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டாள்.

அன்றைக்கும் மச்சான் பாட்டிலோடு வந்தார். அவள் கட்டிலில் படுத்தபடியே, "அண்ணே, அத நீ குடி" என்றாள்.

"என்னாம்மா?"

"நல்ல மருந்துதான, நீ குடி. எனக்கு எம் மாத்திர போதும். ஒனக்காக ஒளிச்சி வெச்சேன், தங்கச்சி கல்யாணத்துக்காக நிறுத்துனேன். இனிமே யாருக்காகவும் என்னால முடியாது."

அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு போனவர் ஒரு மாதம் வரவில்லை. அப்புறம் வந்தார், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு.

கடையிலும் சொல்ல வேண்டியதாயிற்று. தவ்கே வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அவளை முன்பக்கத்திலிருந்து எடுத்து, மாடியில் புடவையின் கரையில் ஃபால்ஸ் துணி தைக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்த வேலை, காலுக்கு நல்லது என்றார். காலுக்கு நல்லதுதான். அவளுக்கோ ஆட்களோடு பேசி, புடவையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டி விற்பதுதான் பிடித்த வேலை. எனக்குத் தவ்கேமேல் இன்னும் கோபம் உண்டு. அவள் கோபப்படுவதில்லை, அது எனக்கு இன்னும் கோபம்.

நோயின் அளவு இறங்கியிருக்கிறது. ஆனால் டாக்டர் நினைத்த அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டதால்தானா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். மருந்து அதேதான் தொடர்கிறது.

போன மாதம் கூலிமிலிருந்து தங்கையும் அவள் மாமியாரும் வந்திருந்தார்கள். மச்சானே அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். மாமியார் என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டுக்கறி சாப்பிடலாமாம்மா ஒனக்கு?" என்று கேட்டார். சாப்பிடலாம் என்றதும், "அப்ப தீபாவளிக்கு அங்க வந்துரு" என்றார். அவ்வளவுதான். பிறகு யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேச்சு மாறிப் போய்விட்டது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு எனக்கு ஆறவே இல்லை. "இவங்களுக்குப் பயந்தா நாம இத்தன நாளா ஒளிச்சோம்? அந்தம்மா ஆட்டுக்கறியப் பத்திதான கேட்டாங்க" என்றேன்.

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இப்ப எந் தங்கச்சி அவங்க வீட்டு மருமக. அதனால ஆட்டுக்கறியப் பத்திக் கேட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னா கேட்டிருப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, மறுநாளைக்கு என்ன சமைப்பது என்று கேட்டாள்.